திரும்பி வந்தாலும் முழுக் கூலி

முதல்லயே சொல்லிடறேன், இது பயணக் கட்டுரை இல்லை. அருவி, மூடுபனி, தேயிலைத் தோட்டத்துல கையை விரிச்சுக்கிட்டு நிக்கற படம் எதுவும் கீழே கிடையாது. இது சண்டைப் பதிவு. யாரோட சண்டைன்னா, "முழுநாள் கைடட் மவுண்டன் பைக்கிங், காட்டுப் பள்ளத்தாக்கு வழியே, மதியச் சாப்பாடு உட்பட"ன்னு விளம்பரம் போடறவங்களோட. அதைப் பார்த்துக் காசு கட்டிப் போய்ட்டு, வந்து நட்சத்திரம் குத்தறவங்களோட. அப்புறம், "காட்டுல சைக்கிளே கூடாது"ன்னு கார்ல வந்து இறங்கிச் சொல்றவங்களோட. மூணு பக்கமும் அடி விழும்னு தெரியும். பரவாயில்லை, ஹெல்மெட் இருக்கு :-)

தெரியாதவங்களுக்கு ஒரு வரி. மவுண்டன் பைக்னா நம்ம ஊர் 'பைக்' இல்லை, சைக்கிள். பட்டையான டயர், முன்னாடி சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக், சின்னச் சின்னதா நிறைய கியர். நான் முதல் தடவை "மலைக்கு பைக் ட்ரிப் போறேன்"னு வீட்ல சொன்னப்ப, புல்லட் வாங்கப் போறேன்னு நினைச்சு ரெண்டு நாள் யாரும் என்கிட்ட பேசலை. சைக்கிள்னு தெரிஞ்சதும் சிரிச்சாங்க. "அதுக்குக் காசு வேற கொடுக்கறியா?"

கொடுக்கணும். அதுவும் கூடவே கொடுக்கணும். ஆனா எதுக்குக் கொடுக்கறோம்னு தெரிஞ்சு கொடுக்கணும். அதுதான் இந்தப் பதிவே.

நீலகிரியை எடுத்துக்குவோம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துல இருந்து சுமார் 300 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற சரிவுதான் சைக்கிள்காரங்களுக்குச் சொர்க்கம். காலையில ஜீப்ல சைக்கிளை ஏத்தி மேலே கொண்டுபோய் இறக்குவாங்க. அங்கிருந்து எஸ்டேட் மண் ரோடு, ஓடையோரம், ஒத்தையடிப் பாதைன்னு சாயங்காலம் வரைக்கும் பெரும்பாலும் இறக்கம்தான். நடுவுல ஏத்தம் வந்தா சைக்கிளைத் தோள்ல தூக்கிக்கிட்டு நடக்கணும். உடம்பு ஒரு வாரம் வலிக்கும். மனசு ஒரு மாசம் பறக்கும். இதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. விளம்பரக்காரர் சொல்றது அந்த அளவுக்கு நிஜம்.

என் பிரச்சினை அந்த 'கைடட்'ங்கற வார்த்தையில.

காட்டுப் பாதையில சைக்கிள் ரொம்ப விசித்திரமான வண்டி. கார் வந்தா அரை கிலோமீட்டருக்கு முன்னாடியே மிருகத்துக்குக் காது கேட்டுடும். நடந்து போறவங்க பத்துப் பேர் சேர்ந்தா ஊர்க்கதை பேசிக்கிட்டுத்தான் போவாங்க, அந்தச் சத்தமே ஒரு பாதுகாப்பு. சைக்கிளுக்குச் சத்தமும் இல்லை, ஆனா வேகம் இருக்கு. நடக்கற ஆள் ஒரு வளைவுல திரும்பி முன்னால காட்டெருமையைப் பார்த்தா, நின்னு, மெதுவாப் பின்னால நகர நேரம் இருக்கு. இறக்கத்துல 30 கிலோமீட்டர் வேகத்துல வர்ற ஆளுக்கு பிரேக் பிடிக்கவே நேரம் இல்லை. ஈர மண்ணா இருந்தா பிரேக் பிடிச்சாலும் வழுக்கிக்கிட்டு நேரா அது மடியிலதான் போய் உட்காரணும்.

சும்மா பூச்சாண்டி காட்டலை. 2016 ஜூன் மாசம், அமெரிக்காவுல மொன்டானா மாநிலம், கிளேசியர் தேசியப் பூங்கா பக்கத்துக் காட்டுல, மலைச் சைக்கிள்ல வந்த ஒருத்தர் மறைவான வளைவுல நேராப் போய் ஒரு கரடி மேலயே மோதினார். அது கிரிஸ்லி கரடி. அவர் உயிரோட வரலை. இத்தனைக்கும் அவர் டூரிஸ்ட் இல்லை, அந்த ஊர்க்காரர், வனத்துறையிலேயே வேலை பார்த்த அதிகாரி. விசாரணையில சொன்ன காரணம் ரெண்டு. வேகம். முன்னால பார்க்க முடிஞ்ச தூரம் குறைவு. காட்டைத் தெரிஞ்ச ஆளுக்கே இந்த கதின்னா, கோயம்புத்தூர்ல இருந்தும் பெங்களூர்ல இருந்தும் வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி வர்ற நமக்கு? கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குள்ள கரடி வர்றது அதிசயமே இல்லை. இடுப்பளவு தேயிலைச் செடிக்குப் பின்னால கரடி உட்கார்ந்திருந்தா உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

யாருக்குத் தெரியும்? அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்குத் தெரியும். அவரைத்தான் நான் கைடுன்னு சொல்றேன்.

விளம்பரத்துல வர்ற கைடு வேற ஆள். பெரும்பாலும் ஊர்ல இருந்து நம்ம கூடவே வேன்ல வர்ற பையன். நல்ல பையன்தான். பஞ்சர் ஒட்டுவான், செயின் அறுந்தா மாட்டுவான், பிரேக் பேட் மாத்துவான், முதலுதவிப் பெட்டி வெச்சிருப்பான். கைல ஜிபிஎஸ் இருக்கும், யாரோ போன வருஷம் ஓட்டின பாதை அதுல கோடா இருக்கும். அந்தக் கோடு இடதா வலதான்னு சொல்லும். இந்த வாரம் எந்தச் சரிவுல பலா பழுத்திருக்குன்னு சொல்லுமா? பலா பழுத்தா கீழ்க்காட்டு யானை மேலே ஏறி வரும். குஞ்சப்பனை, பர்லியார் பக்கம் பஸ் ஓட்டற டிரைவருக்குக்கூட இது தெரியும். ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியாது.

நானே கூட இருந்து பார்த்தது ஒண்ணு சொல்றேன். எட்டுப் பேர் குழு. கோத்தகிரிக்குக் கீழே ஒரு பள்ளத்தாக்கு. நடத்தினவங்க பேர் வேண்டாம். அதிசயமா அன்னிக்கு நிஜமான கைடு ஒருத்தர் வந்திருந்தார். பக்கத்துக் கிராமத்து இருளர், ஐம்பது வயசு இருக்கும். சஸ்பென்ஷனும் இல்லாத, கியரும் இல்லாத ஒரு பழைய சைக்கிள். எல்லாரும் அதைப் பார்த்து உள்ளுக்குள்ள சிரிச்சோம். அந்த சைக்கிள்லதான் எங்களுக்கு முன்னாடி போய்க்கிட்டே இருந்தார். பதினோரு மணி வாக்குல ஒரு ஓடை இறக்கத்துக்கு முன்னாடி கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்திட்டார். பாதை நடுவுல யானை லத்தி. குச்சியால உடைச்சுப் பார்த்தார், உள்ளே பலாக்கொட்டை. புறங்கையைப் பக்கத்துல வெச்சுப் பார்த்துட்டுச் சொன்னார், "சூடு ஆறலை சார். கீழே தண்ணிகிட்ட நிக்கும். குட்டி இருக்கும் போல. திரும்பிடலாம்."

அவ்வளவுதான். பாட்டு, டான்ஸ், பிளிறல் எதுவும் கிடையாது. யானையை நாங்க யாரும் பார்க்கவே இல்லை.

இங்கதான் ஆரம்பிச்சது. "அண்ணா, அரை மணி நேரம் வெயிட் பண்ணிப் பார்க்கலாமே." "சத்தம் போட்டா போயிடாதா?" "மெயின் டிரெயிலே இனிமேதான். இதுக்குத்தான் காசே கட்டினோம்." நடத்தினவர் முகத்துல ஈயாடலை. அவருக்குக் கவலை யானை இல்லை, ரீஃபண்டு. கைடு எதுவும் பேசலை. சைக்கிளைக் குறுக்கே போட்டுட்டு அது மேலயே உட்கார்ந்துட்டார். ஒன்பது கிலோமீட்டர் தார் ரோடு ஏத்தத்துல மிதிச்சு மூச்சு வாங்கத் திரும்பி வந்தோம். ராத்திரியே ஒருத்தர் ஆன்லைன்ல ஒத்தை நட்சத்திரம் குத்திட்டார், "பாதி டிரெயில்லயே திருப்பிட்டாங்க"ன்னு. அதெல்லாம்கூடப் போகட்டும். அப்புறம் விசாரிச்சா, அன்னிக்கு அந்தக் கைடுக்குக் கொடுத்தது அரை நாள் கூலி. பாதி வழிதானே கூட்டிட்டுப் போனார்!

இதைக் கேட்டதுல இருந்து எனக்கு ஆறலை. யோசிச்சுப் பாருங்க. திரும்பினா அரைக் கூலி, போனா முழுக் கூலி. அந்த மனுஷன் தோட்ட வேலையை விட்டுட்டு வந்திருக்கார். வீட்ல நாலு வயிறு. அடுத்த தடவை லத்தியைப் பார்த்தா என்ன செய்வார்? 'கொஞ்சம் ஆறினாப்பலதான் இருக்கு'ன்னு அவர் கைக்கே தோணலாம். தோணணும்னுதான் நாம கூலியை அப்படி வெச்சிருக்கோம். யானை கொன்னாலும், கரடி கொன்னாலும், அடுத்த நாள் பேப்பர்ல 'விதி'ன்னு வரும். விதி இல்லைய்யா, அது சம்பளக் கணக்கு.

நல்ல கைடோட வேலை, நடக்காத விஷயத்துலதான் இருக்கு. நடக்காததை போட்டோ எடுக்க முடியாது. அதனால நட்சத்திரமும் கிடைக்காது. இந்தத் தொழிலோட மொத்த ஓட்டையும் இதுதான்.

"சும்மா எதுக்கு இவ்வளவு பில்டப்பு"ங்கறவங்களுக்கு ஒரு தேதி. 2018 மார்ச் 11. தேனி மாவட்டம், குரங்கணி. மலையேறப் போனவங்க காட்டுத் தீயில சிக்கி இருபது பேருக்கு மேல செத்துப் போனாங்க. பாதிப் பேர் நம்மள மாதிரியே வாரம் முழுக்க ஆணி பிடுங்கிட்டு சனி ஞாயிறு மூச்சு விடப் போன சின்னப் பசங்க. புல்லு காய்ஞ்சு கிடக்கற மாசம். அவங்க போன பாதைக்கு அனுமதி இல்லைன்னு அப்புறம் அரசாங்கம் சொன்னது. அதுக்கு அப்புறம்தான் மலையேற்றத்துக்குன்னு அதே வருஷம் தனி விதிகள் வந்தது. நம்ம நாட்டுல விதிக்கு முன்னாடி பிணம் விழணும், அது ஒரு விதி. சைக்கிளுக்கும் அப்படி ஒரு தேதி வரணும்னு காத்துக்கிட்டு இருக்கோமா?

ஒரு நல்ல விஷயமும் சொல்லணும். 2024 அக்டோபர்ல தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. 14 மாவட்டத்துல 40 நடைபாதை. எளிது, நடுத்தரம், கடினம்னு பிரிச்சிருக்காங்க. ஆன்லைன்ல பதிவு பண்ணணும். முக்கியமா, பழங்குடி மக்கள்ல இருந்தும் காட்டோரக் கிராமங்கள்ல இருந்தும் இளைஞர்களை எடுத்து, பயிற்சி கொடுத்து வழிகாட்டியா வெச்சிருக்காங்க. தீ அபாயக் காலத்துல பாதையை மூடறாங்க. நூத்துக்கு நூறு சரியா நடக்குதான்னு கேட்டா குறை சொல்ல ஆயிரம் இருக்கலாம். ஆனா திசை சரி. என் கேள்வி ஒண்ணே ஒண்ணு. நடக்கறவங்களுக்கு 40 பாதை போட்டாங்களே, மிதிக்கறவங்களுக்கு நாலு பாதை போடக் கூடாதா?

இங்க முதல் எதிர்க்குரல் வரும். "காட்டுல சைக்கிளே வேண்டாம், மண் அரிக்கும், மிருகம் மிரளும்." பாதி ஒத்துக்கறேன். சோலைக்காட்டுக்குள்ள சைக்கிள் கூடாது. புல்வெளியிலயும் கூடாது. சோலை மண் பஞ்சு மாதிரி தண்ணியைப் பிடிச்சு வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஓடையில விடற மண். அதுல பின்சக்கரத்தை லாக் பண்ணி இழுத்தா ஒரு கோடு விழும். அடுத்த மழையில அந்தக் கோடு வாய்க்கால் ஆகும். அதுக்கு அடுத்த வருஷம் பள்ளம் ஆகும். வீடியோவுக்காக அங்க போய்ச் சறுக்கறவனை நாலு சாத்து சாத்தினாலும் நான் தடுக்க மாட்டேன்.

ஆனா நீலகிரியில எல்லா மரமும் சோலை இல்லை. 19-ம் நூற்றாண்டுல வெள்ளைக்காரன் ஆஸ்திரேலியாவுல இருந்து கொண்டுவந்த சீகையும் கற்பூர மரமும் மலை மலையா நிக்குது. தேயிலை எஸ்டேட் மண் ரோடு கணக்கில்லாம இருக்கு. மனுஷன் ஏற்கெனவே கை வெச்ச இடம் அது. சைக்கிள் பாதை அங்க போடுங்க. நியூசிலாந்துல ரொட்டோருவா ஊரை ஒட்டி இருக்கற வாக்கரேவரேவா காட்டுக்கு உலகம் முழுக்க இருந்து மலைச் சைக்கிள்காரங்க வர்றாங்க. அது இயற்கைக் காடு இல்லை, மரம் வெட்டறதுக்குன்னு நட்ட தோட்டக் காடு! சிங்கப்பூர்ல புக்கிட் தீமா இயற்கைக் காப்பகத்துல சைக்கிளுக்குன்னு ஒதுக்கின பாதையைத் தவிர வேற எங்கயும் மிதிக்கக் கூடாது. அங்க இருக்கற நம்ம பதிவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இடத்தைப் பிரிச்சா சண்டை பாதி தீரும்.

மண் அரிப்பு பத்தி இன்னொண்ணு. 1994-ல மொன்டானாவுல ஒரு ஆய்வு பண்ணினாங்க. நடக்கறவங்க, குதிரை, மோட்டார் சைக்கிள், சைக்கிள் நாலையும் பாதையில விட்டுப் பார்த்தாங்க. குதிரைக் குளம்பும் மனுஷக் காலும் கிளப்பின மண், சக்கரம் கிளப்பினதைவிட அதிகமா இருந்தது. ஒரு ஆய்வை வெச்சு உலகத்தைப் புரட்ட முடியாதுதான். ஆனா "சைக்கிள்தான் வில்லன்"ங்கற வசனத்தையாவது கொஞ்சம் அடக்கி வாசிங்க. அதுவும் கார்ல வந்துட்டு! கார் கூட்டம் தாங்காமத்தான் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாசம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறுல 8,000 வண்டின்னு கணக்கு வெச்சாங்க. நல்லா கவனிங்க, ஒரு நாளைக்கு. அந்த எட்டாயிரத்துல ஒருத்தரா வந்து இறங்கிட்டு, எட்டு சைக்கிளைப் பார்த்து "சுற்றுச்சூழல் போச்சே"ன்னா எனக்கு ரத்தக் கொதிப்பு வருது.

அடுத்த எதிர்க்குரல் நம்ம ஆளுங்க. "காடு யாரு அப்பன் வீட்டுச் சொத்து? கைடும் வேண்டாம், பர்மிஷனும் வேண்டாம், நாங்க விடியற்காலை போய்ட்டு வந்துடுவோம்." வீர சூரரே, காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழையறது 1882-ம் வருஷத்து தமிழ்நாடு வனச் சட்டப்படியே குற்றம். சரணாலயம்னா 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியா இருக்கு. எஸ்டேட்டுக்குள்ளன்னா முதலாளி அனுமதி வேணும். சட்டத்தை விடுங்க. நீங்க போய்ட்டு வந்து அந்தப் பாதையை ஜிபிஎஸ் கோடாப் போட்டுப் பெருமையா ஏத்தறீங்களே, அதைப் பார்த்து அடுத்த வாரம் ஒரு புதுப் பையன் தனியா இறங்குவான். அவனுக்கு ஏதாவது ஆனா யானைக்குத்தான் 'கொலைகார யானை'ன்னு பேர் வரும். உங்க பேர் வராது. தயவுசெஞ்சு ஏத்தாதீங்க. இதை நான் கெஞ்சியே கேட்டுக்கறேன்.

மூணாவது, நடத்தறவங்க சொல்றது. "உள்ளூர் ஆளுக்கு இங்கிலீஷ் வராது, பஞ்சர் ஒட்டத் தெரியாது, கஸ்டமரை ஹேண்டில் பண்ணத் தெரியாது." அப்ப பஞ்சர் ஒட்ட உங்க பையனையும் கூட்டிட்டு வாங்க. யாரு வேண்டாம்னா? ரெண்டும் வேற வேலை. கப்பல்ல மெக்கானிக்கும் இருப்பார், மாலுமியும் இருப்பார். மெக்கானிக் நல்லா இங்கிலீஷ் பேசறார்னு அவர்கிட்ட சுக்கானைக் கொடுக்க மாட்டாங்க. "திரும்பு"ன்னு சொல்றதுக்கு இங்கிலீஷ் எதுக்கு? கையைத் தூக்கினா போதும். அந்தக் கைக்கு அதிகாரம் இருக்கான்னுதான் கேள்வி.

சரி, என்னதான் சொல்ல வர்றேன்னு கேக்கறவங்களுக்காக. அடுத்த தடவை இப்படி ஒரு முழுநாள் சவாரிக்குக் காசு கட்டறதுக்கு முன்னாடி ஃபோன்ல அஞ்சு கேள்வி கேளுங்க.

1. முன்னாடி போறவர் எந்த ஊர்? அந்தப் பள்ளத்தாக்குக்காரரா, வேன்ல வர்றவரா?

2. பாதை யாரோட நிலம்? வனத்துறையோ எஸ்டேட்டோ, அனுமதிச் சீட்டைக் காட்ட முடியுமா?

3. அவர் திரும்பணும்னா திரும்புவீங்களா, இல்லை ஓட்டெடுப்பு நடத்துவீங்களா?

4. அவருக்கு விபத்துக் காப்பீடு இருக்கா? (நமக்கு இருக்கான்னு மட்டும்தான் எல்லாரும் கேக்கறோம்.)

5. பாதியில திரும்பினா அவருக்கு முழுக் கூலி உண்டா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். மத்த நாலுக்கும் வாய்கூசாம 'ஆமா சார்'னு சொல்லிடுவாங்க. இதைக் கேட்டா ஒரு நிமிஷம் மறுமுனையில சத்தம் இருக்காது. அந்த அமைதியிலேயே உங்களுக்குப் பதில் கிடைச்சுடும்.

அரசாங்கம் பாதை போடறப்ப போடட்டும். விதி வர்றப்ப வரட்டும். இந்த ஒண்ணுக்கு மட்டும் யாரு கையெழுத்தும் வேண்டாம். பத்துக் குழு கேட்டா போதும், பதினோராவது குழு கேக்கறதுக்கு முன்னாடியே விளம்பரத்துல போட்டுடுவாங்க. டயருக்கு எவ்வளவு காத்து அடிக்கணும், எந்த சஸ்பென்ஷன் நல்லதுன்னு மணிக்கணக்கா சண்டை போடற நாம, நம்ம உயிரை ஒப்படைக்கற ஆளோட அரை நாள் கூலியைப் பத்தி ஒரு நிமிஷம் பேச மாட்டோமா?

டிஸ்கி: "நீ ரொம்ப யோக்கியமா"ன்னு கேட்டு வரப்போற அன்பர்களுக்கு: கேள்வி அஞ்சையும் முதல்ல கேளுங்க. பதிலோட வாங்க. அப்புறம் என்னைத் தாராளமா கும்மலாம் :-)